உம்ராவுக்கு எத்தனை நாள்?

அஸ்ஸலாமு அலைக்கும். நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

மக்காவுக்குப் போய்ச் செய்கிற வணக்கம்தான் உம்ரா. மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் மளிகைக் கடைக்கு வாரத்துக்கு ஒருவராவது வந்து, "பாய், உம்ராவுக்கு எவ்வளவு வெள்ளி ஆகும்?" என்று கேட்பார். அடுத்தது, லீவு எத்தனை நாள் கிடைக்கும் என்ற பேச்சு. அங்கே எத்தனை நாள் தங்க வேண்டும் என்பது கடைசியில்தான் வரும். அந்தக் கடைசிக் கேள்வியை முதலில் கேளுங்கள் என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

ஹஜ்ஜைப் பற்றி நான் பேசவில்லை. அதற்குத் துல்ஹஜ் மாதம் 8 முதல் 13 வரை என்று நாள் குறித்தாகிவிட்டது. நம் நாட்டிலிருந்து போவதும் திரும்புவதும் பெரும்பாலும் ஹஜ் பயணத்தைக் கவனிக்கும் தாபோங் ஹாஜி வாரியம் போடும் அட்டவணைப்படிதான். உம்ராவில் அப்படி இல்லை, நாளை நாமே எண்ணலாம். சபரிமலைக்கு மாலை போடும் அண்ணன்மார் எப்போது விரதம் தொடங்குவது, எப்போது கிளம்புவது என்று நாட்காட்டியை வைத்து எண்ணுவார்களே, அந்த அக்கறை இதற்கும் வேண்டும்.

உம்ரா என்ற வணக்கம் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். உம்ராவுக்கான எண்ணத்தோடு இஹ்ராம் உடை கட்டி, கஃபாவை ஏழு சுற்று தவாஃப் செய்து, சஃபா, மர்வா என்ற இரு குன்றுகளுக்கு நடுவே ஏழு முறை நடந்து, முடி வெட்டிக்கொண்டால் நிறைவேறியது. அதைக் கேட்டதும், "அப்படியென்றால் ஐந்து நாள் போதுமே" என்பார்கள். போதாது. உடம்பை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

நமக்கும் மக்காவுக்கும் ஐந்து மணி நேர வித்தியாசம். அங்கே இஷா என்ற இரவுத் தொழுகையை முடிக்கும்போது நம் உடம்புக்கு நள்ளிரவு தாண்டி ஒரு மணி, இரண்டு மணி. அங்கே இரவு 2 மணிக்கு, ஊரில் 7 மணி ஆன மாதிரி விழிப்பு வந்துவிடும். இதோடு ஏறக்குறைய ஒன்பது மணி நேரம் விமானத்தில் உட்கார்ந்து வந்த கால்கள். சஃபா மர்வா நடை மட்டுமே கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர். தவாஃபைக் கீழே கூட்டத்தில் செய்ய முடியாமல் மேல்தளத்துக்குப் போனால் சுற்று இன்னும் பெரிதாகிவிடும். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் ஆயுசு முழுக்கச் செம்பனைத் தோட்டத்தில் நடந்தவர். மேடு பள்ளமெல்லாம் அவருக்கு ஒன்றுமே இல்லை. ஆனால் பளிங்குத் தரையில் வெறுங்காலோடு நடந்து மூன்றாம் நாள் குதிகால் வீங்கிவிட்டது. மண்ணில் நடந்து பழகிய காலுக்குப் பளிங்கு வேறு. அவருக்கு ஒரு நாள் படுத்து எழ இடமிருந்தது, அதனால் சமாளித்தார்.

அந்த மாதிரி ஓய்வு நாளைத்தான் நான் கேட்கிறேன். கணக்குப் போடும்போது இரண்டு நாளை வெறுமனே விட்டுவையுங்கள்.

என் அத்தாவின், அதாவது அப்பாவின், கதையைச் சொன்னால் இன்னும் விளங்கும். அவர் ஹஜ்ஜை முடித்துவிட்டு மதீனாவுக்கு வந்திருந்தார். அங்குள்ள நபியின் பள்ளிவாசலான மஸ்ஜிதுன் நபவியில் விடாமல் நாற்பது வக்து, அதாவது நாற்பது வேளை, தொழ வேண்டும் என்று நம் மக்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு நாளைக்கு ஐந்து வக்து, எட்டு நாளில் நாற்பது. அத்தா எண்ணிக்கை தவறாமலிருக்க ஒரு வழி வைத்திருந்தார். ஒவ்வொரு வக்தும் தொழுதுவிட்டு அறைக்கு வந்ததும் ஒரு பேரீச்சம்பழம் தின்பார். கொட்டையைக் கழுவித் துடைத்து, கட்டம்போட்ட கைக்குட்டையில் முடிந்துகொள்வார். அறையில் இருந்தவர்கள், "ராவுத்தர், இன்றைக்கு எத்தனை?" என்று கேட்பார்களாம். முடிச்சை அவிழ்த்து எண்ணிக் காட்டுவாராம்.

முப்பத்து நான்கு கொட்டை சேர்ந்தது. அதோடு காய்ச்சல் வந்துவிட்டது. எழுந்து நிற்க முடியவில்லை. பாங்கு சத்தம் ஜன்னல் வழியே கேட்கிறது, இவர் படுத்திருக்கிறார். ஹஜ்ஜே வீணாகிவிட்டது என்று அழுதிருக்கிறார். பக்கத்துக் கட்டிலில் இருந்த மார்க்கம் படித்த ஓர் ஆலிம்தான் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னாராம்: அந்த நாற்பது ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ நிபந்தனையே இல்லை, அது பற்றிய அறிவிப்பைப் பலவீனமானது என்று சொல்லும் ஹதீஸ் அறிஞர்கள் பலர் இருக்கிறார்கள், அந்தப் பள்ளியில் தொழும் ஒரு தொழுகையே, மக்காவின் மஸ்ஜிதுல் ஹராம் தவிர, மற்றப் பள்ளிகளில் தொழும் ஆயிரத்தை விடச் சிறந்தது என்ற நபிமொழி உங்களுக்குப் போதாதா என்று. அத்தாவின் அழுகை அப்புறம்தான் நின்றது. அந்த முப்பத்து நான்கு கொட்டைகளையும் அவர் ஊருக்குக் கொண்டுவந்தார். இன்றும் எங்கள் கல்லாப்பெட்டியில் இருக்கின்றன.

அதனால் சொல்கிறேன். நாற்பது வக்து தொழ ஆசையா, தாராளமாகத் தொழுங்கள். ஆனால் அதற்கு மதீனாவில் மட்டும் முழுசாக எட்டு நாள் வேண்டும். கடைகளில் விற்கும் 12 நாள் 10 இரவு திட்டத்துக்குள் அதைத் திணித்தால் மக்காவில் உம்ரா செய்து மூச்சு விடக்கூட நேரமிருக்காது. இரண்டு வாரத்துக்கு மேல் லீவு கிடைக்கிறவர்கள் அந்த ஆசையை வைத்துக்கொள்ளலாம்.

எத்தனை நாள் தங்குகிறோம் என்பது தொழுகையையே மாற்றும் என்பதும் பலருக்குத் தெரியாது. தொழுகையின் ஒரு சுற்றை ரக்அத் என்போம். பயணி நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கித் தொழலாம், கஸ்ர் என்போமே, அது. ஷாஃபி மத்ஹபில், அதாவது ஷாஃபி சட்ட வழியில், வந்த நாளும் கிளம்பும் நாளும் போக முழுசாக நான்கு நாள் ஓரிடத்தில் தங்க நிய்யத், அதாவது எண்ணம், வைத்தால் சுருக்க முடியாது. ஹனஃபியில் அது பதினைந்து நாள். எங்கள் வீடு ராவுத்தர் வீடு, ஹனஃபி. என் மச்சான் கீழக்கரைக் குடும்பம், ஷாஃபி. மக்காவில் ஆறு இரவு ஒரே அறையில் தங்கினோம். அறையில் தனியாகத் தொழ நேர்ந்தால் நான் இரண்டு ரக்அத், அவர் நான்கு. ஹரம் பள்ளியில் தொழுகை நடத்தும் இமாமுக்குப் பின்னால் நின்றால் இருவருக்கும் நான்குதான். கிளம்பும் முன்பே உங்கள் இமாமிடம் நாட்களைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெறுமனே விட்டுவைக்கச் சொன்னேனே, அந்த இரண்டு நாள் பெண்களுக்குப் போதாது, இன்னும் சில நாள் கூடுதலாக வேண்டும். இதை வெளிப்படையாகப் பேச யோசிப்பார்கள், நான் பேசுகிறேன். மாதவிலக்கு நாளில் தவாஃப் செய்யக்கூடாது, காத்திருக்க வேண்டும். ஒரு முகவர் என் தங்கைக்கு மக்காவில் இரண்டே இரவு போட்டுக் கொடுத்துவிட்டார். அவள் இஹ்ராமோடு அறையில் உட்கார்ந்து இரண்டு நாளும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி இரவுதான் சுத்தமாகிக் குளித்துவிட்டு ஓடினாள். உம்ராவை முடித்துத் திரும்பும்போது பஸ் வாசலில் நிற்கிறது. அவளுக்கு இன்னும் இரண்டு இரவு கொடுத்திருந்தால் கஃபாவை நிதானமாக ஒருமுறை பார்த்திருப்பாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து தம்பி கை காட்டுகிறார், நேரமாகிவிட்டது. மதீனா முதலா மக்கா முதலா என்று விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொன்னால், வயதானவர்கள் மதீனாவுக்கு முதலில் போங்கள். தூக்கமும் சாப்பாடும் சரியான பிறகு மதீனாவுக்குப் பக்கத்தில் உள்ள பீர் அலியில் இஹ்ராம் கட்டி மக்காவுக்கு வரலாம். மஸ்ஜிதுன் நபவிக்குள் இருக்கும் ரவ்ளா என்ற இடத்துக்குப் போக, சவூதி அரசின் நுசுக் செயலியில் முன்பதிவு வேண்டும், பிள்ளைகளிடம் சொல்லி ஊரிலேயே செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தங்கும் நாளுக்கு மேல் ஐந்து நாளுக்குச் சேர்த்து எடுத்து, கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போடாதீர்கள். திரும்பி வந்த மறுநாளே வேலைக்குப் போகிற மாதிரி லீவு எழுதிவிடாதீர்கள்.

வாய்ப்புக்கு நன்றி. வஸ்ஸலாம்.