33 ஆண்டு சும்மா கிடந்த கப்பல்

நேயர்களுக்கு வணக்கம். முப்பது வருடம் கப்பல் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவன் நான். இன்றைக்கு ஓடுகிற கப்பலைப் பற்றி அல்ல, நிறுத்தி வைத்த கப்பலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து வந்து பைக்கை உதைத்துப் பாருங்கள், உடனே கிளம்பாது. கப்பலும் அப்படித்தான். நாலே மாதம் சும்மா கிடந்த ஒரு கப்பலில் ஒருமுறை ஏறினேன். கடல்தண்ணீர் வால்வு ஒன்று இறுகிப் போயிருந்தது. சக்கரத்தில் நீளமான பைப்பைச் செருகி மூன்று பேர் தொங்கினோம், அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவிட்டோம். காலையில் சுத்தியலால் தட்டித் தட்டி, ஒரு விரற்கடை நகர்ந்தது. கை முழுக்கத் துரு. நாலு மாதத்துக்கே அந்தப் பாடு.

அமெரிக்காவில் ஜெரமையா ஓ'பிரையன் என்று ஒரு சரக்குக் கப்பல். போர்க்கால அவசரத்தில் 1943இல் இரண்டே மாதத்தில் கட்டினார்கள். 1944இல் இங்கிலாந்துக்கும், ஹிட்லரை எதிர்த்த நேச நாட்டுப் படைகள் போய் இறங்கிய பிரான்சின் நார்மண்டி கரைக்கும் இடையே 11 தடவை போய்வந்தது. அப்புறம் கல்கத்தா வரைக்கும் வந்திருக்கிறது. போர் முடிந்ததும் 1946இல் கலிபோர்னியாவின் சுசூன் விரிகுடாவில், ரிசர்வ் கப்பல்களின் வரிசையில், அதாவது பின்னால் தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம் என்று நிறுத்தி வைத்தவற்றோடு, கட்டிப் போட்டார்கள். எஞ்சினுக்குக் கெட்டியான கிரீஸ் பூசி, அப்படியே 33 வருடம்!

பக்கத்தில் நின்ற கப்பல்கள் ஒவ்வொன்றாக உடைக்கப் போயின. தாமஸ் பாட்டர்சன் என்ற அதிகாரி மட்டும், உடைக்கும் பட்டியலில் இதைப் பின்னால் பின்னால் தள்ளிக்கொண்டே வந்தார். அந்த மனிதரை நான் கும்பிடுகிறேன். 1979இல் தன்னார்வலர்கள் உள்ளே இறங்கி, இறுகிக் கிடந்த கிரீஸை வழித்து எடுத்து, பாய்லரைப் பற்ற வைத்தார்கள். மற்றவற்றை இழுவைப் படகு இழுத்துப் போயிற்று. இது சொந்த நீராவியில் கிளம்பியது. என் வால்வை நினைத்துக்கொள்ளுங்கள். நாலு மாதம் எங்கே, 33 வருடம் எங்கே!

சும்மா கிடப்பதும் உழைப்புதான் என்று நான் சொல்வது இதனால்தான். இப்படி ரிசர்வில் கிடந்து 1950களின் தொடக்கத்தில் எழுப்பிய கப்பல்கள் இந்தியாவுக்குத் தானியம் கொண்டுவந்தன. அதை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், நேரம் முடியப் போவதாகக் கை காட்டுகிறார்கள்.

ஒன்றே ஒன்று. 1994இல், நார்மண்டியில் படைகள் இறங்கியதன் ஐம்பதாம் ஆண்டு நினைவுக்கு, பனாமா கால்வாய் வழியாக இதே கப்பல் நார்மண்டிக்குத் திரும்பிப் போனது. ஓட்டிப் போனவர்களில் பலருக்கு எழுபது வயதுக்கு மேல். 1944இல் அங்கே போன பெரிய கப்பல்களில் திரும்பி வந்தது இது ஒன்றுதான். இப்போது சான் பிரான்சிஸ்கோவில் நிற்கிறது. அந்தப் பக்கம் போனால் எஞ்சின் அறைக்குள் இறங்கிப் பாருங்கள். வணக்கம்.