இறக்கி எறியப்பட்ட கொடி

நேயர்களுக்கு என் வணக்கம்.

பிரபு என்றதும் பரந்த நிலமும் பெரிய மாளிகையும் நம் நினைவுக்கு வரும். 1775 டிசம்பரில் ஸ்காட்லாந்தில் பிறந்த தாமஸ் கொக்ரேனுக்குப் பரம்பரையாக வர இருந்ததோ டண்டொனால்டு பிரபு என்னும் பட்டம் மட்டுமே. ஒன்பதாவது பிரபுவான அவருடைய தந்தை ஆர்ச்சிபால்ட், வேதியியலில் மோகம் கொண்டவர். நிலக்கரியிலிருந்து தார் எடுத்துப் பூசினால் மரக்கப்பலின் அடிப்பாகத்தைப் புழு அரிக்காது என்று கண்டு, 1781-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். பிரிட்டிஷ் கடற்படையோ செப்புத் தகடு அடிக்கும் முறையை நாடியது. இத்தகைய முயற்சிகளிலேயே குடும்பச் சொத்து கரைந்துபோயிற்று.

ஆகவே மூத்த மகன் தாமஸ் 1793-இல், பதினேழு வயதில், அந்தக் கடற்படையில் சேர்ந்து கப்பல் ஏறினார். பிடிபடும் எதிரிக் கப்பலின் மதிப்பில் கேப்டனுக்கும் மாலுமிகளுக்கும் பங்கு உண்டு என்பது அக்கால வழக்கம். கொக்ரேனின் வீரத்தை வியக்கும்போது, அவருக்கிருந்த இந்தப் பணத்தேவையையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

அவர் தலைமையேற்ற 'ஸ்பீடி' மிகச் சிறிய கப்பல். அதிலிருந்த பதினான்கு பீரங்கிகளும் நான்கு பவுண்டு குண்டு மட்டுமே சுடக்கூடியவை; ஒரு பக்கத்துப் பீரங்கிகள் அனைத்தின் குண்டுகளையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உலாவலாம் என்று அவரே கேலி செய்திருக்கிறார். 1801 மே 6 அன்று பார்சலோனா அருகே, 32 பீரங்கிகளும் 319 ஆட்களும் கொண்ட 'எல் காமோ' என்ற ஸ்பானியப் போர்க்கப்பல் எதிர்ப்பட்டது. ஸ்பீடியில் இருந்தவர்கள் 54 பேர். அமெரிக்கக் கொடியைக் காட்டி எதிரியைச் சற்றே குழப்பிய கொக்ரேன், தன் கப்பலை அந்தப் பெரிய கப்பலின் விலாவோடு ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்தினார். உயரத்திலிருந்த ஸ்பானியப் பீரங்கிகளின் குண்டுகள் ஸ்பீடியின் தளத்துக்கு மேலாகவே பறந்தன. பிறகு மருத்துவரைச் சுக்கான் பிடிக்கச் சொல்லிவிட்டு, எஞ்சிய அனைவரோடும் எதிரியின் தளத்தில் ஏறினார். கைகலப்பு உச்சத்தில் இருந்தபோது ஸ்பானியக் கொடியை அவருடைய ஆள் ஒருவர் இறக்கிவிட, தங்கள் அதிகாரிகளே சரணடைந்துவிட்டதாக எண்ணி ஸ்பானியர் ஆயுதங்களைக் கீழே போட்டனர்.

பிரபுவின் வாரிசு என்பதால் 'லார்டு' என்று அழைக்கப்பட்டாலும், அது மரியாதைப் பட்டமே. எனவே பிரபுக்களுக்கு இடமில்லாத மக்கள் அவைக்கு, அதாவது நாடாளுமன்றத்தின் கீழவைக்கு, அவரால் போட்டியிட முடிந்தது. 1807 முதல் வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதியின் உறுப்பினராக இருந்து, கடற்படை நிர்வாகத்தின் ஊழல்களை அவையிலேயே சாடினார். 1809-இல் பிரான்ஸ் கடற்கரையின் பாஸ்க் ரோட்ஸ் நங்கூரத்துறையில், எதிரியை எரிப்பதற்காகத் தீமூட்டி மிதக்கவிடும் தீக்கப்பல்களைப் பிரெஞ்சுக் கப்பல்களின் மீது ஏவியபின், வெற்றியை முழுமையாக்கத் தவறியதாகத் தன் தளபதி கேம்பியர் பிரபுவையே குறைகூறினார். இராணுவ நீதிமன்றம் கேம்பியரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது; கொக்ரேனுக்குப் பகைவர்கள் பெருகினர்.

1814 பிப்ரவரி 21 அன்று, நெப்போலியன் இறந்துவிட்டார் என்ற பொய்ச்செய்தி லண்டன் பங்குச் சந்தையில் விலைகளை ஏற்றிவிட்டது. கொக்ரேனும் அன்று தம் பத்திரங்களை விற்றிருந்தார். அவருடைய சிற்றப்பாவும் வழக்கில் சிக்கினார். வதந்தி பரப்பியவன் அன்றே கொக்ரேனின் வீட்டுக்கு வந்துபோனதும் தெரியவர, கொக்ரேனுக்கு ஓராண்டுச் சிறையும் ஆயிரம் பவுண்டு அபராதமும் விதிக்கப்பட்டன. அவர் குற்றவாளிதானா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகின்றனர். கடற்படைப் பதவியும் மக்கள் அவை இடமும் பறிபோயின. 'பாத்' என்னும் பிரிட்டிஷ் அரச விருதைப் பெற்றவர் என்ற முறையில் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் தொங்கிய அவருடைய கொடியைக் கழற்றி, படிகளில் உதைத்துத் தள்ளினார்கள். வெஸ்ட்மின்ஸ்டர் வாக்காளர்களோ போட்டியே இன்றி அவரை மீண்டும் தேர்ந்தெடுத்தனர்.

பின்னர் சிலி, பெரு, பிரேசில், கிரீஸ் ஆகிய நாடுகளின் விடுதலைப் போர்களில் கப்பற்படைகளை நடத்தினார். 1820-இல் சிலியின் வால்டிவியாக் கோட்டைகளைப் பிடித்ததும், பெருவின் கயாவோ துறைமுகத்தில் 'எஸ்மெரால்டா' என்ற ஸ்பானியப் போர்க்கப்பலை நள்ளிரவில் கைப்பற்றியதும் அக்காலத்துச் சாதனைகள். ஊதியத்துக்காகவும் பங்குக்காகவும் தாம் பணிபுரிந்த அரசுகளோடு அவர் போட்ட சண்டைகளும் சிறியவை அல்ல.

1831-இல் தந்தை மறைய, பத்தாவது பிரபு ஆனார். மறு ஆண்டு மன்னிப்பும் ரியர் அட்மிரல் பதவியும் கிடைத்தன. ஆனால் மன்னிப்பு வேறு, குற்றமற்றவர் என்ற தீர்ப்பு வேறு. எஞ்சிய காலமெல்லாம் அவர் இரண்டாவதையே கேட்டுக்கொண்டிருந்தார். கந்தகப் புகையால் கோட்டைகளை முடக்கும் இரகசியத் திட்டம் ஒன்றையும், வேதியியலாளரின் மகனுக்கு ஏற்றபடி, கிரிமியப் போர்க்காலம் வரை அரசிடம் வலியுறுத்தினார். அரசு அதை ஏற்கவில்லை.

பாத் விருது 1847-இல் திரும்பக் கிடைத்தது. 1860 அக்டோபர் 31 அன்று அவர் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் நடப்பதற்கு முந்தைய நாள், விக்டோரியா அரசியின் ஆணைப்படி, அந்தக் கொடி பழைய இடத்தில் மீண்டும் ஏற்றப்பட்டது.