மொட்டைக்கழுத்துக் கோழியும் மாப்பிள்ளை விருந்தும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். கோழி வளர்ப்பில் இலாபம் எவ்வளவு என்று நான் சொல்லப்போவதில்லை. அதைச் சொல்ல ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். வீட்டைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு கோழி மேய்கிறது, அதில் ஊரில் யாரிடமும் இல்லாத வகை ஒன்றிரண்டு நிற்கிறது என்றால், அதை எப்படி அற்றுப்போகாமல் வைத்துக்கொள்வது? எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

எங்களுக்குக் காரிமங்கலம் பக்கம். சில வருடங்களுக்கு முன்னால் போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், கால் கட்டிய கோழிகளுக்கு நடுவே ஒரு வெடைக்கோழியைப் பார்த்தேன். கழுத்தில் இறகே இல்லை. சிவந்த வெறும் தோல். முன்கழுத்தில் மட்டும் ஒரு சின்னக் குஞ்சம். மொட்டைக்கழுத்துக் கோழி. வாங்கி வந்து வாசலில் விட்டேன். மாமியார் ஒரு பார்வை பார்த்தார். "ஏம்மா, சீக்குக் கோழியைக் காசு குடுத்தா வாங்கியாந்த?"

சீக்கில்லை, பிறவியே அப்படித்தான் என்றேன். நம்பவில்லை. பதினொரு முட்டை சேர்ந்ததும் எங்கள் சிறுவிடை நாட்டுக்கோழியை அடைக்கு வைத்தேன். அவரும் முணுமுணுத்துக்கொண்டே கரித்துண்டு, காய்ந்த மிளகாய், ஒரு இரும்பு ஆணி எல்லாம் கூடையில் வைத்தார். இடி இடித்தால் முட்டை கெடக்கூடாதாம். இருபத்தொன்றாம் நாள் ஒன்பது பொரிந்தன, ரெண்டு கூமுட்டை. ஒன்பதில் நாலு குஞ்சுக்குப் பிறக்கும்போதே கழுத்து மொட்டை! அன்றைக்குத்தான் மாமியார் நம்பினார்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. பலகை இருந்தால் படம் போட்டுக் காட்டுவேன். சரி, வாயாலேயே சொல்கிறேன். தாய், தகப்பன் ரெண்டில் ஒன்றிடமிருந்து மட்டும் இந்தக் குணம் வந்தால் முன்கழுத்தில் அந்தக் குஞ்சம் இருக்கும். ரெண்டு பக்கமும் வந்தால் கழுத்து ஏறக்குறைய முழு மொட்டை. குஞ்சக்காரிக்குச் சாதாரணச் சேவல் சேர்ந்தால் குஞ்சுகளில் சுமார் பாதி மொட்டை. உடம்பிலும் இறகு குறைவுதான், அதனால் சித்திரை வெயிலில் மற்றக் கோழிகள் வாயைத் திறந்து இரைக்கும்போது இவை கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

அந்த நாலில் ஒன்று சேவல். ஒரே ஒரு சேவல். அதை வைத்துத்தான் வகையைப் பெருக்கலாம் என்று நினைத்திருந்தேன். ஆடியில் நாத்தனார் மாப்பிள்ளையோடு விருந்துக்கு வந்தார். நான் வெளியே போய்த் திரும்பினால், வாசலிலேயே குழம்பு வாசனை. எந்தக் கோழி என்று கேட்கவே பயம். "கழுத்துல பிடுங்குற வேலை இல்லைன்னு அதையே அறுத்தேம்மா" என்றார் மாமியார். சாப்பிட உட்கார்ந்தேன், என்ன செய்ய! ருசியாகத்தான் இருந்தது.

இதைச் சிரிக்கச் சொல்லவில்லை. நாம் முட்டைக்காகப் பெட்டையை விட்டுவைப்போம்; விருந்தாளி வந்தால் கை போவது சேவல் மேல். திருவிழாவுக்குச் சேவல், நேர்த்திக்கடனுக்குச் சேவல். அரிய வகைகள் சீக்கில் மட்டும் போகவில்லை நேயர்களே, குழம்பிலும் போயிருக்கின்றன. அதனால் பெட்டை வாங்கும்போதே சேவலுக்கும் சொல்லி வையுங்கள். கிடைத்தால் காலில் ஒரு துணி கட்டி, இது அறுக்கிற சேவல் இல்லை என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள். மாமியாரிடம் முதலில்.

சேவல் இருந்தும் காரியம் கெடுவது பக்கத்து வீட்டுச் சேவலால். வேலி அதற்கு ஒரு பொருட்டா? ஒரு தடவை சேர்ந்தால் ரெண்டு மூன்று வாரம் வரைக்கும் கோழி அந்தக் கருவோடு முட்டையிடும். ஆகவே பெட்டையைத் தனியாக அடைத்து மூன்று வாரம் போகட்டும், அதுவரை வரும் முட்டை வீட்டுக்கு. மறுபடியும் சொல்கிறேன், மூன்று வாரம். அதற்கப்புறம் நம் சேவலை விட்டு, சில நாள் கழித்து வரும் முட்டையைத்தான் அடைக்கு எடுக்க வேண்டும்.

கருங்கோழி, அதாவது கடக்நாத், கேட்கிறவர்கள் நிறைய. மத்தியப் பிரதேசம் ஜாபுவாப் பக்கத்துக் கோழி, 2018இல் புவிசார் குறியீடு வாங்கியது. தோலும் கறியும் எலும்பும்கூடக் கறுப்பு, முட்டை கறுப்பில்லை. கறுப்பு முட்டை என்று யாராவது விற்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். இது அடைக்கு அவ்வளவாக உட்காராது, சிறுவிடையின் கீழேதான் வைக்க வேண்டும். இறகு சுருண்டு நிற்கிற சிலுப்புக் கோழி வைத்திருப்பவர்கள் சிலுப்புக்குச் சிலுப்பு சேர்க்காதீர்கள். நாலில் ஒரு பங்கு குஞ்சுக்கு இறகு சரியாகவே நிற்காது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். தீவனம், கரையான் பிடிக்கிற பானை எல்லாம் எழுதி வைத்திருந்தேன், முடியாது போல. வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான தடுப்பு மருந்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு மருந்து, எட்டு வாரத்தில் ஊசி. இடையில் எது போட வேண்டும் என்று பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். ஓசூர் மத்திகிரியில் கோழிக்கென்றே ஒரு கல்லூரி இருக்கிறது, அங்கேயும் கேட்கலாம். புதுக்கோழி வாங்கி வந்தால் ரெண்டு வாரம் தனிப் பஞ்சாரத்தில்... சரி, நேரமாகிவிட்டது. வணக்கம்.