கறள் முதலில், குதிரைவலு பிறகு

வணக்கம் நேயர்களே.

பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். நிலையத்தாருக்கு நன்றி. ஸ்கைலைன், சுப்ரா, ஆர்எக்ஸ்-7 என்று பெயர்களை அடுக்கிக்கொண்டே போகலாம். கேட்டு முடித்த பிறகு ஒன்றும் மனதில் நிற்காது. அதனால் ஒரே ஒரு காரை வைத்துப் பேசப் போகிறேன். டட்சன் 240 இசட். ஜப்பானில் அது நிசான் ஃபெயர்லேடி இசட். என் கராஜில் நிற்பதும் அதுதான், ஆகவே நான் நடுநிலையாகப் பேசுவேன் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

1969 இறுதியில் இந்தக் கார் வந்தபோது அமெரிக்காவில் கைக்கெட்டும் விலையில் கிடைத்த ஸ்போர்ட்ஸ் கார்கள் பெரும்பாலும் எம்ஜி, ட்ரயம்ஃப் போன்ற பிரிட்டிஷ் கார்கள்தான். பார்க்க அழகு. ஆனால் ஒயில் ஒழுகும், மழை நாளில் ஸ்டார்ட் ஆகுமோ ஆகாதோ என்ற கவலையும் கூடவே வரும். ஜாகுவாரும் போர்ஷேயும் சாதாரணச் சம்பளக்காரருக்கு எட்டாது. நிசானின் அமெரிக்கக் கிளைக்குத் தலைவராக இருந்த யுடாகா கடயாமா அந்த இடைவெளியைக் கண்டுகொண்டார். ஆறு சிலிண்டர், 2.4 லீற்றர், 151 குதிரைவலு, தனிச் சஸ்பென்ஷன் நான்கு சில்லுக்கும். விலை 3,526 டொலர். ஃபெயர்லேடி என்ற பெயர் அமெரிக்காவில் எடுபடாது என்று கடயாமாவுக்குத் தோன்றியது. வந்திறங்கிய கார்களில் அந்தப் பெயர்த் தகட்டைக் கழற்றிவிட்டு 240 இசட் என்று போட வைத்தார். மனிதர் 105 வயது வரை இருந்து 2015இல்தான் காலமானார். இசட் கார் வைத்திருப்பவர்கள் இன்றைக்கும் அவரை 'மிஸ்டர் கே' என்று சொந்தக்காரர் போலத்தான் பேசுவார்கள்.

ஜப்பானில் அந்தக் காலத்தில் 2,000 சிசிக்கு மேலே போனால் வரி எகிறும். அதனால் அங்கே விற்ற கார்களில் பெரும்பாலானவற்றுக்கு 2 லீற்றர் இஞ்சின். அதே உடம்புக்குள் ஸ்கைலைன் ஜிடி-ஆரின் எஸ்20 இஞ்சினை வைத்து இசட் 432 என்று ஒன்றும் செய்தார்கள். சிலிண்டருக்கு நான்கு வால்வு, மூன்று காபரேற்றர், இரண்டு கேம்ஷாஃப்ட். அதுதான் அந்த 432. மொத்தம் சில நூறுதான். இதை நினைவில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

1978 வரை 240, 260, 280 என்று ஐந்து லட்சத்துக்கும் மேலே விற்றது. இவ்வளவு விற்றால் என்ன ஆகும்? எண்பதுகளில் அது மாணவர்கள் வாங்கும் மலிவான பழைய கார் ஆகிவிட்டது. வெட்டினார்கள், ஒட்டினார்கள், அமெரிக்க வி8 இஞ்சினைத் தூக்கிப் போட்டார்கள். பந்தயக்காரர்கள் அதற்கு முன்பே தொடங்கிவிட்டார்கள். 1970லும் 1971லும் பீட்டர் ப்ரொக்கின் அணியில் ஜோன் மோர்ட்டன் ஓட்டி அமெரிக்கத் தேசியப் பட்டம் வென்றார். 1971இல் கிழக்கு ஆபிரிக்க சஃபாரி ரலியையும் இதே கார் வென்றது. 1973இல் மறுபடியும், அந்த முறை ஓட்டியவர் ஷேகர் மேத்தா, உகண்டாவில் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர். சேற்றிலும் புழுதியிலும் அத்தனை ஆயிரம் கிலோமீற்றர்.

ஆக, பிறந்த நாளிலிருந்தே மாற்றி அமைக்கப்பட்டு வந்த கார் இது. அப்படியிருக்க, 'ஒரிஜினலாக வைத்திருப்பதா, மொடிஃபை பண்ணுவதா' என்று இசட் காரர்கள் கூடும் இடத்திலெல்லாம் ஒரு சண்டை நடக்கும். எனக்கு அந்தச் சண்டையில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. இந்தக் கார்களைக் கொன்றது மொடிஃபிகேஷன் இல்லை, கறள் என்கிற துரு.

கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் பொனற்றைத் திறந்து இஞ்சினைப் பார்ப்பார்கள். நான் முதலில் கேட்பது, கீழே படுத்துப் பார்க்கலாமா என்று. இஞ்சின் இரும்பு வார்ப்பு, லேசில் சாகாது. செத்தாலும் வேறு கிடைக்கும். தகரம்தான் மெல்லியது. அந்தக் காலத்தில் கறள் தடுப்புப் பூச்சும் பெயருக்குத்தான். காருக்குத் தனியாக ஒரு அடிச்சட்டகம் கிடையாது. உடம்பின் அடியில் பெட்டி போல இரண்டு நீளக் குழாய்களை ஒட்டியிருக்கிறார்கள். அவை உள்ளிருந்து வெளியே அரிக்கும். வெளியில் கறுப்புப் பூச்சோடு பளபளவென்று இருக்கும், விரலால் அழுத்தினால் உள்ளே போகும். பற்றரி நிற்கும் தட்டைப் பாருங்கள். அமிலம் சொட்டிச் சொட்டி அந்த மூலை முழுவதும் போயிருக்கும். அப்புறம் கதவுக்கும் பின்சில்லுக்கும் நடுவில் இருக்கும் சின்னத் துண்டு. துணி சுற்றிய ஒரு காந்தத்தை அதில் வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் பெயின்றுக்குக் கீழே இரும்பு இல்லை, ஓட்டையை நிரப்பிய பசைதான்.

உள்ளே கார்ப்பெற்றைத் தூக்கினால் தரையில் தார்த் தகடு ஒட்டியிருக்கும். சத்தம் குறைக்கத் தொழிற்சாலையில் போட்டது. ஐம்பது வருடத்தில் கல்லாகிவிட்டது. அதன் கீழே ஈரம் புகுந்தால் வெளியே வர வழியில்லை. உளியால் கிளறினால் கை நோவுதான் மிச்சம். ட்ரை ஐஸ், அதாவது உறைந்த கரியமில வாயு, அதை வாங்கி, உடைத்து, தாரின் மேல் பரப்பிச் சில நிமிடம் விடுங்கள். தார் விறைத்துப் போகும். சின்னச் சுத்தியலால் தட்டினால் அப்பளம் போல நொறுங்கி வரும். கட்டாயம் கையுறை போடுங்கள், கராஜ் கதவையும் திறந்து வையுங்கள். ட்ரை ஐஸ் வெளிவிடும் வாயு மூடிய அறையில் ஆபத்து. தார் போன பிறகு சில கார்களில் தரைத் தகரம் தெரியும். சில கார்களில் கராஜின் தரை தெரியும்.

பரவாயில்லை, புதுத் தரைத் தகரமும் அடிக்குழாயும் செய்து விற்கிறார்கள். ஆனால் பழையதை வெட்டுவதற்கு முன் கதவு வாசலின் குறுக்கே இரும்புக் கம்பி வைத்துத் தற்காலிகமாக ஒட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் உடம்பு நடுவில் தொய்ந்து, பிறகு எத்தனை முறை சரிசெய்தாலும் கதவு பொருந்தாது. இந்த வேலைக்குக் கைபடிந்த வெல்டிங்காரர் ஒருவரைத் தேடிப் பிடிப்பது காரைத் தேடுவதைவிடக் கஷ்டம். ஒன்ராறியோவில் ஒவ்வொரு குளிர்காலமும் வீதிக்கு உப்புப் போடுகிறார்கள். இங்கேயே ஓடித் தேய்ந்த காரைவிடக் கலிபோர்னியா, அரிசோனா பக்கம் வெயிலில் நின்ற காரை வாங்குவது புத்தி. டாஷ்போர்ட் வெடித்திருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, உடம்பு நேராகிவிட்டது. இனி எதை மாற்றலாம்?

ஹெட்லைற்றுக்குப் போகும் முழு மின்னோட்டமும் ஸ்டியரிங் பக்கத்து ஸ்விட்ச் வழியாகவும் பழைய ஃபியூஸ் பெட்டி வழியாகவும்தான் போகிறது. பெட்டி சூடாகி உருகிப்போன கார்கள் எத்தனையோ. அந்த மின்னோட்டத்தைத் தாங்கும் தனி மின் ஸ்விட்ச்களான ரிலே இரண்டு போட்டுவிட்டால் தொல்லை முடிந்தது, வெளியில் ஒன்றும் தெரியாது. அமெரிக்காவுக்கு வந்த 240இன் மனுவல் பெட்டிக்கு நான்கு கியர்தான். பின்னால் வந்த 280இன் ஐந்து கியர் பெட்டி பெரிய வெட்டுக்கொத்து இல்லாமல் ஏறும், நெடுஞ்சாலையில் காது பிழைக்கும். 1973இல் புகைக் கட்டுப்பாட்டுக்காகப் போட்ட தட்டைத்தலைக் காபரேற்றர்களைப் பலரும் அப்போதே கழற்றிவிட்டு, முந்தைய வட்டத்தலைக் காபரேற்றர்களைப் போட்டுவிட்டார்கள். ஒரிஜினல்தான் வேண்டும் என்று பேசுகிறவர்கள்கூட இந்த ஒன்றில் வாய் திறப்பதில்லை!

பெரிய வேலை வேண்டுமென்றால் 280இன் எல்28 இஞ்சின் அப்படியே அதே இடத்தில் உட்காரும். அதற்குள் எல்டி28 டீசல் இஞ்சினின் கிராங்க் ஷாஃப்டை வைத்து, சிலிண்டரை 89 மில்லிமீற்றருக்குக் கடைந்து, 3.1 லீற்றர் ஆக்குவது பழைய உத்தி. மூன்று இரட்டைக் காபரேற்றர் போட்டு அதை 6,000 சுற்றுக்கு மேலே கொண்டுபோகும்போது வரும் சத்தத்தைப் பற்றி வானொலியில் சொல்லி என்ன பயன். வி8 போடுகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஆறு சிலிண்டர் சத்தம் இல்லாவிட்டால் அது எனக்கு இசட் இல்லை.

போர்க்காலத்தில் பெற்றோல் கிடைக்காமல் யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். கார் ஓட வேண்டும், அவ்வளவுதான். ஒரிஜினல் சாமான்தான் வேண்டும் என்று யாரும் அடம்பிடிக்கவில்லை. அந்தப் பழக்கம் என்னிடமும் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆனால் எல்லாக் காருக்கும் இந்த நியாயம் பொருந்தாது. முன்பு சொன்ன இசட் 432 கைக்கு வந்தால் அதில் ஒரு துளைகூடப் போடக்கூடாது. சில நூறில் ஒன்று அது. ஐந்து லட்சத்தில் ஒன்றாக இருந்தாலும், யாரும் கைவைக்காத கார் இன்று அரிது. 21,000 மைல் மட்டுமே ஓடிய 1971 கார் ஒன்று 2020 ஜனவரியில் 310,000 டொலருக்கு ஏலம் போனது. தொண்ணூறுகளின் இறுதியில் நிசான் தானே பழைய 240களை வாங்கிப் புதுப்பித்து சுமார் 25,000 டொலருக்கு விற்றது. சில பத்துக் கார்களோடு அந்தத் திட்டம் நின்றுபோனது. அப்போது அதை அதிக விலை என்றவர்கள் உண்டு.

ஜப்பானில் இப்படியான கார் வைத்திருப்பது இன்னும் செலவு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஷாக்கென் என்ற கட்டாய வாகனப் பரிசோதனை. அதோடு 13 வருடம் தாண்டிய பெற்றோல் காருக்கு வருட வரி கூட்டுகிறார்கள். பழசைப் பாதுகாக்கிறவனுக்குத் தண்டனை! கொம்பனிகள் கொஞ்சம் விழித்துக்கொண்டது நல்ல விஷயம். ஹொண்டா 1993இலேயே தன் என்எஸ்எக்ஸ் ஸ்போர்ட்ஸ் காருக்குப் புதுப்பிக்கும் சேவை தொடங்கியது. நிசான் 2017இல் ஆர்32 ஸ்கைலைன் ஜிடி-ஆர் சாமான்களை மறுபடி செய்யத் தொடங்கியது. பிறகு டொயோட்டா சுப்ராவுக்கு. 240 காரர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் குறைவு. தனியார் செய்து விற்பதுதான் கதி.

வாங்க நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். ஒன்று, காரை எடுப்பதற்கு முன்பே காப்புறுதிக்காரரிடம் பேசி, பெறுமதியை முன்கூட்டியே எழுத்தில் ஒப்புக்கொள்ளும் வகைக் காப்புறுதியைக் கேளுங்கள். சாதாரணக் காப்புறுதியில் அடிபட்டால் அதை ஐம்பது வருடப் பழைய கார் என்றுதான் கணக்குப் பார்ப்பார்கள். இரண்டாவது, கழற்றுவது எதுவானாலும் எறியாதீர்கள். காபரேற்றர், நான்கு கியர் பெட்டி, இரும்புச் சில்லு, திருகாணி வரை பைகளில் போட்டு, எங்கிருந்து கழற்றியது என்று எழுதி அலுமாரியில் வையுங்கள். நீங்கள் காரை விற்கும் நாளில், வாங்க வருகிறவர் முதலில் கேட்பது அந்தப் பைகளைத்தான்.

நேயர்களிடமிருந்து தொலைபேசிக் கேள்விகள் வந்திருப்பதாகச் சொல்கிறார்கள். கேட்கலாம். நன்றி, வணக்கம்.