காய வைச்சாப் போதுமா? எச்சில் பட்ட பல்லும் கழன்டு வர்ற பிராக்கெட்டும்

ஜார்ஜ் டவுன்ல பல் கிளினிக் உதவியாளரா இருக்கிற ஒரு சகோதரி, பல் வரிசையைச் சீராக்குற கம்பியைப் பிடிக்கப் பல்லுல ஒட்டுற சின்னத் துண்டான பிராக்கெட்டைப் பத்திக் கேட்டிருக்காங்க: "கீழ் முன்கடைவாய்ப் பல்லுல மட்டும் பிராக்கெட் அடிக்கடி கழன்டு வருது டாக்டர். ஆசிட் வைச்சுக் கழுவின பிறகு எச்சில் பட்டா, காத்தடிச்சுக் காய வைச்சாப் போதாதா?"

போதாதும்மா. 37 சதவீத பாஸ்பாரிக் ஆசிட்டை 30 விநாடி வைச்சுக் கழுவிக் காய வைச்சா, எனாமல் சாக்பீஸ் மாதிரி வெளுத்துடும் இல்லையா? அந்த வெளுப்பு பூராவும் நுண்துளைங்க. பசைக்கு முன்னாடி தடவுற பிரைமர் திரவம் அதுக்குள்ள இறங்கி இறுகினாத்தான் பிடிப்பு. எச்சில்ல இருக்கிற புரதம் பட்ட உடனேயே துளைங்களை அடைச்சிடும். காத்துக்குத் தண்ணி போகும், புரதம் போகாது. பல் வெள்ளையாவே தெரிஞ்சாலும் நம்பாதீங்க. கழுவி, காய வைச்சு, ஆசிட்டை இன்னொரு 10, 15 விநாடி வைச்சு, திரும்பக் கழுவணும்.

பிரைமர் தடவி, அதை இறுக வைக்கிற லைட் அடிக்கிறதுக்கு முன்னாடி எச்சில் பட்டா? காத்தடிச்சிட்டு பிரைமரை மட்டும் மறுபடி தடவுறவங்க உண்டு. கீழ்ப்பல்லுக்கு ஆசிட்லேர்ந்தே தொடங்கச் சொல்லுவேன், ஒரு நிமிஷ வேலைதானே. ஈறுல ரத்தம் கசிஞ்சா, அது நிக்கிற வரைக்கும் ஒட்டவே ஒட்டாதீங்க.

கழன்ட பிராக்கெட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க, திருப்பிப் பாருங்க. பசை முழுசும் பிராக்கெட் அடியில இருந்து, பல் சுத்தமா இருந்தா, பல் பக்கம் பிடிக்கலைன்னு அர்த்தம். எச்சில் மேலதான் முதல் சந்தேகம். பசை பல்லுல தங்கி, பிராக்கெட்டோட அடியில பசை பிடிக்கிற வலை மொட்டையா இருந்தா, வலையில கை பட்டிருக்கும், இல்லைன்னா லைட் சரியா எட்டியிருக்காது.

நம்ம ஊர் புழுக்கத்துக்கு இன்னொண்ணு. காத்தை அழுத்தித் தர்ற கம்ப்ரெசர் தொட்டியில தண்ணி சேரும், அது காத்தடிக்கிற சிரிஞ்சு வழியா பல்லு மேலயே வந்து விழும். வாய்க்கண்ணாடி மேல காத்தடிச்சுப் பாருங்க. துளியோ எண்ணெய்ப் படலமோ தெரிஞ்சா அன்னைக்கு ஒட்டுற வேலையை நிறுத்திட்டு, தொட்டித் தண்ணியை இறக்கி, ஃபில்டரைப் பாருங்க.

எச்சிலை உறிஞ்சுற சக்‌ஷன் குழாயை நாக்கு ஓரமா வைங்க, நனைஞ்ச பஞ்சை உடனே மாத்துங்க, ஒரே மூச்சில எல்லாப் பல்லுக்கும் ஆசிட் வைக்காதீங்க. எவ்வளவு செஞ்சும் அந்த இடம் காயலையா, ரெசின் கலந்த கிளாஸ் அயனோமர்ங்கிற பசை வகை ஈரத்தைத் தாங்கும்.

இதெல்லாம் சரியா இருந்தும் அதே பல்லு கழன்டா, கடிக்கச் சொல்லிப் பாருங்க. மேல்பல் பிராக்கெட்டுல இடிச்சா, எந்தப் பசையும் நிக்காது.