உடைப்பதற்கும் சேர்த்துத்தான் சம்பளம்

வணக்கம். இங்கே வரும்போது பையில் ஒரு கண்ணாடிக் குழாயைப் போட்டுக்கொண்டு வந்தேன். வாசலில் இருந்த காவலர் எடுத்துப் பார்த்துவிட்டு, "இன்னா சார், டியூப் லைட்டா?" என்றார். வானொலியில் உங்களுக்குக் காட்ட முடியாதுதான். ஆனாலும் கையில் இது இருந்தால்தான் எனக்குப் பேச்சு வரும்.

நான் கிளாஸ் புளோயர். வேதியியல் ஆய்வுக்கூடத்தில் பார்த்திருப்பீர்களே, குடுவையும் வளைந்த குழாயும், அதையெல்லாம் தீயில் காட்டிச் செய்கிற வேலை. சென்னையில் ஒரு பல்கலைக்கழகப் பணிமனையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து, அங்கேயே வேலை கிடைத்து, ஓய்வும் பெற்றேன்.

அதற்கு முன்னால் அம்பத்தூர் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் ஒன்பது மாதம் இருந்தேன். சனிக்கிழமை கூலி கொடுக்கும்போது உடைந்த குழாய்களை எண்ணி, அதற்குக் காசு பிடித்துக்கொள்வார்கள். ஒரு வாரம் பஸ்ஸுக்குக்கூட மிஞ்சவில்லை. அங்கே நான் நன்றாகக் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: கஷ்டமான வேலை பக்கமே போகக் கூடாது. சோதனைக் குழாயின் வாயைத் தீயில் மழுக்குகிற வேலை என்றால் முதல் ஆளாக ஓடுவேன், அது உடையாது. ஒன்பது மாதமும் வாய் மழுக்கியே கழிந்தது.

பல்கலைக்கழகத்தில் அப்ரண்டிஸ் என்றதும் அம்மாவுக்குச் சந்தேகம். "படிக்கிற எடத்துல நாமதான்டா பணம் கட்டணும், அவங்க எதுக்குக் குடுக்கப் போறாங்க?" மாதம் 300 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. முதல் மாதப் பணத்தை அம்மா இரண்டு முறை எண்ணினார்.

அங்கே மாஸ்டர் ஒருவர் இருந்தார். முதல் மாதம் என்னை ஊதவே விடவில்லை. "ஊதறது கொழந்தகூட ஊதும். நீ சுத்து" என்பார். ஆய்வுக்கூடச் சாமான்களுக்கான, சூடு தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடி 820 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகும். இளகிவிட்டால் வெல்லப்பாகு மாதிரி, விட்ட பக்கம் தொங்கும். அதனால் குழாயின் இரண்டு முனையையும் இரண்டு கையால் ஒரே வேகத்தில் உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இடது கை ஒரு நூல் முந்தினாலும் நடுவில் முறுக்கிக்கொள்ளும். தூக்கத்தில்கூட என் விரல்கள் உருண்டுகொண்டிருந்ததாகத் தம்பி சொல்வான்.

அப்புறம் கண். தீயில் கண்ணாடி பட்டதும், அதிலுள்ள சோடியத்தால் மஞ்சள் வெளிச்சம் பளீரென்று அடிக்கும், உள்ளே என்ன நடக்கிறது என்றே தெரியாது. டிடிமியம் என்று நிறம் வடிகட்டுகிற ஒரு மூக்குக்கண்ணாடி உண்டு, அதைப் போட்டால் அந்த மஞ்சள் மட்டும் மறைந்துவிடும், வேலை துல்லியமாகத் தெரியும். முதல் தடவை போட்டுப் பார்த்தபோது திரை விலகின மாதிரி இருந்தது.

எங்கள் வேலையில் பையனை ஆள் ஆக்குவது லீபிக் கண்டன்சர்தான், ஆவியைக் குளிரவைத்துத் திரவமாக்குகிற சாமான். ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய். உள்ளே ஆவி போகும், வெளியே தண்ணீர் ஓடும். இரண்டையும் இரண்டு முனையிலும் வளையமாக ஒட்ட வேண்டும். முதல் முனை ஒட்டிவிடும். இரண்டாவதில்தான் உயிர் போகும், ஏனென்றால் உள்குழாய் ஏற்கெனவே ஒரு பக்கம் பிடிபட்டு நிற்கிறது, சூட்டில் நீளவும் குளிரில் சுருங்கவும் இடமில்லை. ஒட்டி முடித்ததும் சுமார் 560 டிகிரி அடுப்பில் வைத்து மெதுவாக ஆறவிட வேண்டும். அவசரப்பட்டு வெளியே வைத்தால், பார்க்க ஒரு குறையும் இருக்காது, ராத்திரி மேஜையில் தானாக 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். காலையில் வந்தால் இரண்டு துண்டு.

நான் பதினொன்று உடைத்தேன். பன்னிரண்டாவது நின்றது. பதினொன்றுக்கும் ஒரு பைசா பிடிக்கவில்லை. மாஸ்டர் பதிவேட்டில் 'பயிற்சி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார், அவ்வளவுதான். பழைய பட்டறையாக இருந்திருந்தால் இரண்டாவதோடு நிறுத்தியிருப்பேன்.

இது மாஸ்டரின் நல்ல மனசு என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் நல்லவர்தான், ஆனால் பின்னால் சட்டமும் இருந்தது. 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டம், பழகுநருக்குப் பீஸ் ரேட்டில், அதாவது செய்த எண்ணிக்கைக்கு இவ்வளவு என்று, பணம் கொடுக்கக் கூடாது என்கிறது. மாத உதவித்தொகைதான். எத்தனை செய்தாய் என்று எண்ண ஆரம்பித்தால் எவனும் கற்க மாட்டான் என்று அதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. 2019-இல் திருத்திய விதிகளில் குறைந்தபட்சத் தொகை பட்டதாரிக்கு 9,000, டிப்ளமோ முடித்தவருக்கு 8,000 ரூபாய் என்று வைத்தார்கள். சென்னையில் அறை வாடகையும் சாப்பாடும் போனால் அதில் என்ன மிஞ்சும், நீங்களே கணக்குப் போடுங்கள். பயிற்சி முடிந்தால் வேலை உறுதி என்பதும் இல்லை. சில இடங்களில் அப்ரண்டிஸை மூட்டை தூக்க வைத்தே ஒரு வருடத்தை ஓட்டிவிடுகிறார்கள். சேரும்போது, "யார் கற்றுத் தருவார்?" என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் யோசியுங்கள். பட்டதாரிகளும் டிப்ளமோக்காரர்களும் தரமணியில் உள்ள அப்ரண்டிஸ் பயிற்சி வாரியத்தில் விசாரிக்கலாம்.

கல்லூரி என்றால் புத்தகம், பட்டறை என்றால் கை என்று நம் ஊரில் எப்போது பிரித்தார்களோ தெரியவில்லை. கிண்டி பொறியியல் கல்லூரியே 1794-இல் கோட்டைக்குப் பக்கத்தில் எட்டுப் பையன்களோடு நில அளவைப் பள்ளியாகத்தான் ஆரம்பித்தது. நிலம் அளக்கிற வேலை பெஞ்சில் உட்கார்ந்தா வரும்?

ஓய்வு பெற்ற பிறகும் வாரம் இரண்டு நாள் பணிமனைக்குப் போகிறேன். போன மாதம் ஒரு பெண், வேதியியல் படித்தவள், மூன்றாவது கண்டன்சரையும் உடைத்துவிட்டு, "எவ்ளோ சார் பிடிப்பாங்க?" என்று கேட்டாள். இன்னொரு குழாயை எடுத்துக் கொடுத்தேன். அதுவும் உடைந்தது. ஐந்தாவதைப் போன வாரம் குழாயடிக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் ஓட்டிப் பார்த்தோம். மேல் வளையத்தில் மட்டும் லேசாகக் கசிகிறது.