அது கடை அல்ல அண்ணா, கிணறு

நடுவர் அவர்களே, வணக்கம். எதிரணிக்கும் என் அணிக்கும் வணக்கம். தூங்கும் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்கு மட்டும் தனியாக இன்னொரு வணக்கம். இன்று நான் பேச வந்தது உங்களுக்காகத்தான்.

ஆகஸ்ட் முதல் வாரம் தாய்ப்பால் வாரம் என்பதால் நமக்கு இந்தத் தலைப்பு: பிள்ளை வளர்ப்பில் தாய்க்கு விஞ்சி நிற்பது சுகமா, சுமையா? சுகமே என்று பேச ஐந்து காரணங்களைத் தாளில் எழுதிக்கொண்டு வந்தேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ஒரு வார்த்தை சொன்னார். தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

என்ன சொன்னார்? "பால் கொடுக்கும் தாய் யார் தெரியுமா? இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும் ஆவின் பூத். ஞாயிறு கிடையாது, தீபாவளி கிடையாது, சம்பளமும் கிடையாது." அரங்கம் கைதட்டியது. அந்த மரத்தடியில் மட்டும் யாரும் கைதட்டவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அண்ணா, பூத்துக்கு விடியற்காலையில் வண்டி வந்து பால் இறக்க வேண்டும். ஐம்பது பாக்கெட் விற்றால் ஐம்பது குறையும். எட்டு மணிக்குப் போனால் "தீர்ந்துவிட்டது" என்பார்கள். தாயிடம் இந்தக் கணக்கு தலைகீழ். பிள்ளை குடிக்கக் குடிக்கத்தான் பால் சுரக்கும். குடிக்காமல் விட்டால்தான் வற்றும். இறைக்கிற கிணறுதான் ஊறும் என்று நம் வீட்டுப் பாட்டிமார் சொல்வார்களே, அது வெறும் பேச்சு அல்ல, உடம்பு நடக்கும் முறையே அதுதான். அது கடை அல்ல அண்ணா, கிணறு.

பூத்தில் பச்சைப் பாக்கெட் என்றால் இன்றும் பச்சை, நாளையும் பச்சை. காலையில் வாங்கினாலும் மாலையில் வாங்கினாலும் அதே பால். தாய்ப்பால் அப்படியா? பிறந்த அன்று சுரப்பது மஞ்சளாகக் கெட்டியாக இருக்கும் சீம்பால். அளவு சொட்டுக் கணக்கு, ஆனால் நோயை எதிர்க்கும் சக்தி அதில் நிறைந்திருக்கிறது. (என் பாட்டி காலத்தில் அதைப் பீய்ச்சிக் கீழே ஊற்றிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்தார்கள். நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.) சில நாளில் அதுவே வெண்பாலாக மாறும். ஒரே வேளைக்குள்ளும் மாறும்: பிள்ளை வாய் வைத்ததும் வருவது தண்ணீராக, தாகத்துக்கு, குடித்து முடிக்கும் நேரத்தில் வருவது கொழுப்பாக, பசிக்கு. நம் திருச்சியின் அக்னி நட்சத்திர வெயிலில்கூட ஆறு மாதம் வரை பிள்ளைக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் தனியாகத் தர வேண்டாம் என்கிறார்கள் மருத்துவர்கள். அந்தப் பாலில் எண்பத்தைந்து விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர்தான். தண்ணீர்ப் பந்தலும் அவளே, சாப்பாட்டுப் பந்தியும் அவளே.

அதைவிட முக்கியமான ஒன்று. எந்தப் பூத்தில், எந்த வாடிக்கையாளர் பாதிப் பாலில் நிறுத்திவிட்டு, விற்பவர் முகத்தை அண்ணாந்து பார்த்துச் சிரித்திருக்கிறார்? நம் பிள்ளை சிரிக்கும்! குடித்துக்கொண்டே இருக்கும், திடீரென்று விட்டுவிடும், கடைவாயில் பால் வழிய நம் கண்ணைப் பார்க்கும், ஒரு சிரிப்புச் சிரிக்கும், மறுபடி கவ்விக்கொள்ளும். மரத்தடியில் தலையாட்டுகிறார்கள் பாருங்கள். அவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்றையும் அவர்கள் பார்த்திருப்பார்கள். பச்சைப்பிள்ளை பசியோடு வரும்போது கையை இறுக்கி மூடி வைத்திருக்கும். இரண்டு கை முஷ்டியும் கன்னத்தோடு ஒட்டியிருக்கும். வயிறு நிறைய நிறைய அந்தக் கை தளரும். முதலில் சுண்டுவிரல் விலகும், அப்புறம் ஒவ்வொன்றாக. கடைசியில் உள்ளங்கை தாயின் மார்மேல் விரிந்து கிடக்கும், தாமரை இதழ் மாதிரி. உள்ளங்கை ரேகைக்குள் எங்கிருந்தோ வந்த ஒரு நூல் சுருண்டிருக்கும். அந்த நூலை எடுத்துப் போட்டபடி அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டு நான் எத்தனை இரவு உட்கார்ந்திருப்பேன்! மணி மூன்று இருக்கும், ஊரே தூங்கும், எனக்கு அது போதும்.

சரி, பூத்துக்கே திரும்பி வருகிறேன், அண்ணனை விடுவதாக இல்லை. அண்ணா, யாரோ ஒரு பிள்ளை எங்கோ அழுதால் உங்கள் பூத்தில் பால் தானாக வழியுமா?

சத்திரம் பஸ் நிலையத்தில் மாலை ஐந்தே காலுக்குத் துறையூர் பஸ் ஏறினேன். பேறுகால விடுப்பு முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய முதல் வாரம். என் மகளுக்கு ஏழு மாதம். துறையூரில் என் மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். நம்பர் ஒன் டோல்கேட்டில் நெரிசல், பஸ் நகரவில்லை. எனக்கு இரண்டு சீட் முன்னால் ஒரு கைக்குழந்தை அழத் தொடங்கியது. யாரோ பெற்ற பிள்ளை. பெயர் தெரியாது, முகம்கூடப் பார்க்கவில்லை. அந்த அழுகை காதில் விழுந்ததும் என் மார்பில் சுருக்கென்று ஒரு கடுப்பு. அடுத்த நொடி என் ரவிக்கை நனைந்துவிட்டது.

பின் வரிசைக்குக் கேட்டதா? மறுபடியும் சொல்கிறேன். அழுதது எவர் வீட்டுப் பிள்ளையோ, நனைந்தது என் ரவிக்கை. ஆக்ஸிடோசின் என்று ஒரு சுரப்பு அதைச் செய்கிறது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். சொல்லட்டும். அன்றைக்கு நான் கட்டியிருந்தது வெளிர்நீலப் புடவை. ஈரம் அப்பட்டமாகத் தெரிகிறது. பஸ் முழுக்க ஆட்கள் நிற்கிறார்கள். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டேன்.

பக்கத்தில் ஒரு பாட்டி. கீரை விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு ஊர் திரும்புகிறார். என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. மடியில் வைத்திருந்த சும்மாட்டுத் துணியை உதறிப் பிரித்தார். பாதி நாள் அவர் தலையில் பாரம் தாங்கிய துணி, கீரைத் தண்டின் பச்சை வாசனை அடிக்கிறது. அதை என் தோளில் போட்டு, முன்பக்கம் இழுத்து மூடிவிட்டு அப்புறம்தான் கேட்டார்: "எத்தனை மாதம் தாயி?"

"ஏழு மாதம் பாட்டி. வீட்டில் இருக்கிறாள். இங்கே அழுவது என் பிள்ளை இல்லை."

பாட்டி சொன்னார்: "யார் பெற்ற பிள்ளை என்று மார் கேட்காது தாயி."

நடுவர் அவர்களே, நான் தமிழ் படித்தவள், பாடம் நடத்துகிறவள். இப்படி ஒரு வாக்கியத்தை என்னால் எழுத முடியாது. யார் பெற்ற பிள்ளை என்று மார் கேட்காது!

கதை இன்னும் முடியவில்லை. பஸ் நகர்ந்தது, முன் சீட்டுக் குழந்தையும் அடங்கியது. பாட்டி மெதுவாகச் சொல்கிறார்: "எனக்கு நாலு பிள்ளை. கடைக்குட்டி பால் மறந்து நாற்பது வருடம் ஆகிறது. இப்போதும் அக்கம்பக்கத்தில் பச்சைப்பிள்ளை அழுதால் இங்கே ஒரு கூச்சம் ஓடும்" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டுகிறார். நாற்பது வருடம், அண்ணா! நாற்பது வருடத்துக்கு முன் மூடிய எந்தப் பூத் பிள்ளை அழுகிற சத்தத்தில் இன்று விழித்துக்கொள்ளும்? சுமை என்றால் இறக்கி வைத்த அன்றே உடம்பு மறந்துவிடாதா? அந்தப் பாட்டி ஆயுள் முழுக்கக் கூடை சுமந்தவர். சுமை எது என்று அவருக்குத் தெரியாதா? கூடையைப் பற்றிப் பேசும்போது முகத்தைச் சுளித்தவர், பிள்ளையைப் பற்றிப் பேசும்போது நெஞ்சைத் தொட்டார்.

மண்ணச்சநல்லூரில் இறங்கிப் போய்விட்டார். துணியைத் திருப்பிக் கொடுக்க விடவில்லை. அது இன்றும் என் பீரோவில் இருக்கிறது.

வலியே கிடையாது என்று நான் சொன்னால் அது பொய். முதல் வாரம் காம்பு வெடித்துப் பல்லைக் கடித்துக்கொண்டு பால் கொடுத்தவள் நான். பால் கட்டிக்கொண்டு குளிர்க்காய்ச்சலில் நடுங்கியிருக்கிறேன். எவ்வளவு முயன்றும் பால் போதாமல் போன தாய்மார் இங்கே இருக்கலாம். அவர்கள் மனம் நோக நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டேன். சங்கில் புகட்டினாலும் மடி அதே மடிதான்.

ஆனால் அண்ணன் சுமை என்று அடுக்கியதில் பாதி, பிள்ளை வைத்த சுமை அல்ல, நாம் வைத்தது. தாய்ப்பால் கொடுக்க அறை வேண்டும் என்று 2015 ஆகஸ்டில் தமிழ்நாடு முழுக்கப் பஸ் நிலையங்களில் திறந்தார்கள். நல்ல காரியம். ஒருமுறை ஓர் ஊரில் அவசரத்துக்குப் போனேன், கதவில் பூட்டு. சாவி வைத்திருந்தவர் சாப்பிடப் போயிருந்தார். பேறுகால விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமானது 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தில். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும், பிள்ளைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை பாலூட்ட இரண்டு இடைவேளை தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அந்த இடைவேளையைக் கேட்கக் கூச்சப்படுகிற பெண்கள் எத்தனை பேர்! பூட்டைத் திறங்கள், பிள்ளையைக் குறை சொல்லாதீர்கள்.

அதோ மலைக்கோட்டையில் விளக்கு தெரிகிறது. அங்கே இருப்பவர் பெயர் என்ன? தாயுமானவர். காவிரியில் வெள்ளம், பிரசவ வலியில் துடிக்கும் மகளிடம் தாய் வந்து சேர முடியவில்லை. அந்தத் தாயின் உருவில் இறைவனே வந்து பிரசவம் பார்த்தார் என்பது நம் ஊர்க் கதை. சுகப் பிரசவம் வேண்டி இன்றும் வாழைத்தார் கட்டுகிறோம். வரம் கொடுத்து வெளியிலேயே நின்றிருக்கலாம் அவர். தாயாகவே வந்தார், வெள்ளம் வடியும்வரை கூடவே இருந்தார்.

தமிழும் அப்படித்தான். கடவுளைக்கூடக் குழந்தையாக்கிப் பிள்ளைத்தமிழ் பாடியது. ஐந்தாம் மாதம் தலை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை, ஒன்பதாம் மாதம் கை கொட்டுவது சப்பாணி, பதினொன்றில் முத்தம் கேட்பது, அப்புறம் நடந்து வா என்று அழைப்பது. மாதக் கணக்கு வைத்து மகிழ்ந்த மொழி இது.

முதல் மணி அடித்துவிட்டது. ஒரே ஒரு இரவைச் சொல்லி முடிக்கிறேன், நடுவர் அவர்களே.

ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு மற்ற உணவோடு சேர்த்து இரண்டு வயதும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். என் மகளுக்கு இரண்டே கால் வயதில் பால் மறக்கடிக்க முடிவு செய்தோம். என் அம்மா வேப்பிலையை அரைத்துக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தார். "பிள்ளை கேட்டால் அம்மாவுக்குப் புண் என்று சொல்லு" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

ராத்திரி வழக்கம்போல் ஓடிவந்தாள். மடியில் ஏறினாள், புடவையை விலக்கினாள், வாயை வைத்தாள். முகம் கோணியது. அழப்போகிறாள் என்று பயந்தேன். "அம்மாவுக்குப் புண்ணடா கண்ணு" என்றேன். அவள் என் மார்பைப் பார்த்தாள், பச்சையாக அப்பியிருந்ததைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். அவள் விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டால் நான் என்ன செய்வேனோ, அதை எனக்குச் செய்தாள். கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதினாள். ஃபூ, ஃபூ என்று மூன்று முறை ஊதினாள். ஃபிராக்கின் ஓரத்தால் வேப்பிலையை மெல்லத் துடைத்தாள். பிறகு வாய் வைக்காமல், அதே இடத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு தூங்கிப்போனாள். அப்புறம் அவள் கேட்கவே இல்லை. நான்தான் விடியும்வரை அழுதேன், மார்பு கட்டியதற்காக அல்ல.

இப்போது அவளுக்குப் பத்து வயது. மூன்றாவது வரிசையில் என் அம்மா மடியில் தலைவைத்துத் தூங்குகிறாள். இவ்வளவு ஒலிபெருக்கிச் சத்தத்திலும் வலது கை விரிந்து கிடக்கிறது, இங்கிருந்தே தெரிகிறது. பஸ் போய்விடும், அவளைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். நன்றி, வணக்கம்.